பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய டீச்சர் எழுதுகிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மகனுக்கு வாரத்தில் இரண்டே பி.டி. பீரியடு, அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார் என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு தகப்பனார் வருத்தப்பட்டிருந்தார். அந்தக் கணக்கு சார் பதில் எழுதப்போவதில்லை. அவர் சார்பில் நான் எழுதுகிறேன். ஒன்பது வருஷம் அதே வேலையைச் செய்தவள் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்புக் கணக்கு. "சார், இன்னிக்கு மட்டும்" என்று பி.டி. சாரிடம் கேட்பேன். ஜூனில் ஆரம்பிக்கும் அந்த 'இன்னிக்கு மட்டும்' பொதுத்தேர்வு வரை ஓடும். ஒரு வருஷம் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கால்பந்தைப் பிடுங்கி ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிப்ரவரியில் வேறு எதற்கோ பீரோவைத் திறந்தால், காற்று போய், வதக்கின கத்தரிக்காய் மாதிரி கிடந்தது.

இப்போது பதினோரு வருஷமாக தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு. பள்ளிக் கால்பந்து அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். இத்தனை நாளும் நான் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போனதில்லை. போன வெள்ளிக்கிழமை காலிறுதி, ராத்திரி ஆறு மணிக்கு என்றதும், வெள்ளியும் அதுவுமா விளக்கேற்றும் நேரத்தில் என்ன பந்தாட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயாதான் அந்தச் சாக்கை உடைத்தார். எழுபதைத் தாண்டியவர். இங்கே மே மாதத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். அவர் அதற்குள் விளக்கேற்றி, சூடம் காட்டி, மடக்கு நாற்காலியும் கம்பளியும் பிளாஸ்க்குமாக என் கேட்டில் வந்து நின்றார். ஆயாவுக்குப் பேச்செல்லாம் ஆங்கிலம். தமிழில் மிச்சம் இருப்பது சாமி பெயர்கள், சாப்பாட்டுப் பெயர்கள், அப்புறம் திட்டுகிற வார்த்தைகள். மூன்றாவது வகை அன்றைக்கு நிறையவே பயன்பட்டது.

மைதானத்தில் நாலு விளக்குக் கம்பம். அதில் ஒன்று எரியவில்லை. என் அதிர்ஷ்டம், அந்த இருட்டு மூலையில்தான் மகனுக்கு முதல் பாதி முழுவதும் வேலை. பந்து அந்தப் பக்கம் போனால் நாலைந்து நிழல்கள் முட்டிக்கொள்ளும், யாரோ கத்துவார்கள், பந்து மட்டும் வெளிச்சத்துக்கு வரும். என் பிள்ளை விழுந்தானா நின்றானா என்று தெரியாது. "விடும்மா, எலும்பு முறிஞ்சா சத்தம் கேட்கும்" என்று ஆயா ஆறுதல் சொன்னார்.

இடைவேளையில் ஆயாவின் பேரன் ஓடிவந்து, "ஆன்ட்டி, பன்னி வேணுமா?" என்றான். இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்டு நான் வாயைப் பொத்தியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், ரொட்டியை நடுவில் குடைந்து குழம்பை ஊற்றித் தருவதற்கு இங்கே அந்தப் பெயர். டர்பனில் பிறந்த சாப்பாடு அது. 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்த குடும்பங்கள் பல இன்றும் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடுவதில்லை. அதனால் அன்று ஆட்டுக்கறி பன்னிக்கு ஆள் இல்லை, பீன்ஸ் பன்னிக்குத்தான் வரிசை. காரட்டைத் துருவி வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கூடவே தந்தார்கள். கையெல்லாம் குழம்பு வழிந்தது.

ஆயாவின் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா தொப்பியும் கோட்டுமாக டர்பனின் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாராம். இந்தியர்களுக்கு வேறு ஆட்டம், வெள்ளையருக்கு வேறு, கறுப்பினத்தவருக்கு வேறு என்று இருந்த காலம். இப்படிப் பிரித்து வைத்ததற்காகத்தான் 1976இல் ஃபிஃபா இந்த நாட்டை வெளியேற்றியது, 1992இல்தான் திரும்பச் சேர்த்தது. இந்தச் சாட்ஸ்வொர்த்தே, இனவாரியாகக் குடியிருப்பு ஒதுக்கிய சட்டத்தால் வீடிழந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். இங்கத்து ஸ்டேடியத்தில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ் குழு, 1996-97இல் இந்த நாட்டின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே கோப்பையைத் தட்டியது. அதைச் சொல்லும்போது ஆயாவின் குரலே மாறிவிடும். அந்தக் குழு இன்று இல்லை.

எங்கள் கோல் கீப்பர் பக்கத்து ஊரான உம்லாசியிலிருந்து வரும் ஜூலு இனப் பையன். அவன் அம்மா வேலை முடிந்து, சீருடையை மாற்றாமலே, மினிபஸ் டாக்சியில் வந்து ஆயாவின் கம்பளியில் பாதியைப் போர்த்திக்கொண்டார். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறியதும் மகன் வெளிச்சத்துக்கு வந்தான். முழங்காலில் மண், மற்றபடி முழுசாக இருந்தான். இருட்டு மூலை இப்போது எதிரணிக்குத் தலைவலி. கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த இருட்டுக்குள் ஓடிய எங்கள் வலது பக்கப் பையன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. பந்து மட்டும் வளைந்து வெளியே வந்தது, ஒருவன் தலையால் முட்டினான், வலை ஆடியது. கோல் கீப்பரின் அம்மா "லடூமா!" என்று எழுந்தார். ஜூலுவில் 'இடி இடித்தது' என்று அர்த்தம். நானும் கத்தினேன். ஒன்பது வருஷம் "சத்தம் போடாதே" என்று சொல்லியே தேய்ந்த தொண்டை இது. இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. உடற்பயிற்சி இங்கேயும் தனிப் பாடம் கிடையாது, 'லைஃப் ஓரியன்டேஷன்' என்ற பாடத்துக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. எங்கள் அணிக்குப் பயிற்சி தருபவர் ஆங்கில ஆசிரியர், பள்ளி விட்ட பிறகு, சம்பளமில்லாமல். பூட்ஸ் பெற்றோர் செலவு. பள்ளி நேரத்தில் கிடைக்காததைத்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று விளக்கை வைத்து ஊரே சேர்ந்து ஈடுகட்டுகிறது. நம் ஊரில் அந்த மாலை நேரத்தையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் கையில் மிச்சமிருக்கிற இரண்டு பீரியடாவது பையன்களிடம் இருக்கட்டும். நான் கடன் வாங்கிய பீரியடுகளால் என் வகுப்பில் யாருக்கும் நூறு மார்க் வந்ததாக எனக்கு நினைவில்லை. பூட்டி வைத்த பந்துதான் நினைவிருக்கிறது. கடிதம் எழுதிய தகப்பனார் இதை வெட்டி அந்தக் கணக்கு சாரின் மேஜையில் வைத்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த வெள்ளி அரையிறுதி. அணிக்குச் சுண்டல் என் பொறுப்பு என்று ஆயா தீர்மானித்துவிட்டார். இருபது பேருக்கு எத்தனை கிலோ கடலை ஊறப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கணக்கு டீச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.