இட்லிக்காரி மகனுக்கு

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள எய்யா செல்வத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். மழை தொடங்கியதும் அப்பாவுக்கு முட்டிவலி கூடிவிட்டது, மற்றபடி குறையில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "ம்ம், சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மல்லிகா மகள் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள்.

சோற்றை அடியோடு விட்டுவிட்டேன், முட்டையும் பன்னீரும் நெய்யும் கறியும்தான், நாலு கிலோ இறங்கிவிட்டேன் என்று போன வாரம் சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்டதற்கு அட்டையைப் பார்த்து வாசித்தாயே, மெட்ஃபார்மினோடு டாப்பாகிளிஃப்ளோசின் என்று, அதை எழுதிக்கொண்டு மறுநாளே நம் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது மருந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளிவிடுகிற மருந்தாம். அதைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து எரித்து ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாமாம். அப்போதும் மெஷினில் சர்க்கரை ஒழுங்காகவே காட்டுமாம், ஏமாந்துபோவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, தாங்க முடியாத அசதி, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையையும் நீயாக நிறுத்தாதே. அங்கே அபுதாபியில் உனக்கு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், நான் சோற்றை நிறுத்திவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்.

நீ பயந்துவிடக் கூடாது. சோற்றைக் குறைப்பதை நான் தப்பென்று சொல்லவில்லை. நானே மூன்று வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன். உனக்குச் சரியாகச் சொன்னதில்லை, சொன்னால் பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு எரிந்தது. பன்னிரண்டு கிலோ அரிசி மாவு. நான் இட்லி ஊற்ற ஊற்ற அப்பா துணியிலிருந்து எடுத்து அடுக்குவார். நாலரைக்கு சைக்கிளில் ஏறி ஹாரனை அமுக்கிக்கொண்டே மாகிம் பக்கம் போவார். பத்து மணிக்குத் திரும்பும்போது பாத்திரத்தின் அடியில் நசுங்கினது, ஓரம் உடைந்தது என்று பத்துப் பதினைந்து கிடக்கும். காசு போட்டு ஆட்டின மாவு, குப்பையில் போட மனசு வருமா? காலையில் அதைத்தான் தின்றோம், மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சம் இருந்தால் இட்லி உப்புமா. என் சர்க்கரையை நானே அவித்து வைத்துத் தின்றேன் என்று இப்போது சிரிப்பு வருகிறது. 100 கிராம் பச்சரிசியானாலும் புழுங்கலரிசியானாலும் கிட்டத்தட்ட 78 கிராம் மாவுச்சத்து. கோதுமையும் கேழ்வரகும் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இங்கே எல்லோரும் "சப்பாத்தி சாப்பிடுங்கக்கா, ஏறாது" என்பார்கள். மூன்று சப்பாத்தி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 214.

அந்தக் குத்திப் பார்க்கிற மெஷினை ஒன்று வாங்கிக்கொள். அதுதான் எனக்கு வாத்தியார். ஸ்ட்ரிப் விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் ஒரு மாதம் மட்டும் கணக்குப் பார்க்காதே. சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. நான் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு இட்லி, சட்னி, சாம்பார்: 246. இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை: 171. அயிலை மீன் வறுவல், தேங்காய் போட்ட முட்டைக்கோஸ் பொரியல், மோர்: 128. அதே மீனை நம் தெரு முனைக் கடையில் வாங்கிச் சாப்பிட்ட அன்று 160 தாண்டிவிட்டது. என்னடா இது என்று பார்த்தால் இந்த ஊர்க்காரர்கள் மீனை ரவையில் புரட்டியல்லவா வறுக்கிறார்கள்! நீ இருக்கும் இடத்திலும் கடைக் கறியில் என்ன மாவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு கொடுத்திருந்தார்கள். அது கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சோறு வருகிறதா வரவில்லையா என்று அதற்குத் தெரியாது. நானும் உன்னைப் போலத்தான், யாரிடமும் கேட்காமல் ஒரு திங்கட்கிழமை சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். நிறுத்தின மூன்றாம் நாள், புதன்கிழமை, மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டைக் கையில் வாங்குகிறேன், கை நடுங்குகிறது. கழுத்தெல்லாம் வியர்வை. இலைக்காரர் இருபது ரூபாய் மீதி கொடுக்கிறார், அதை எண்ணத் தெரியவில்லை எனக்கு. இத்தனை வருஷம் சில்லறை எண்ணின கை! பூ விற்கிற அக்காதான் புரிந்துகொண்டு பக்கத்துக் கடையிலிருந்து கட்டிங் சாய், அதான் அரை கிளாஸ் டீ, வாங்கி, அதில் இன்னும் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்டு வாயில் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் 74தான். டாக்டரம்மா திட்டின திட்டு இருக்கிறதே! அன்றைக்கே அந்த மாத்திரையைப் பாதியாக்கி, இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார், ஏறவில்லையென்றால் மறுபடி சர்க்கரை. இதை அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் புதுசாக யாரோ போனில் கண்டுபிடித்தது என்று நினைக்காதே. மல்லிகா மகள் நர்சிங் படிக்கிறாளே, அவள் சொன்னாள்: 1863இலேயே லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர், சவ அடக்க வேலை செய்தவராம், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு உடம்பை இறக்கி ஊருக்கெல்லாம் சொன்னாராம். 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பெயரும் பாண்டிங்காம், அது வேறு ஆள். இன்சுலின் வருகிற வரைக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு மாவையும் சாப்பாட்டையும் குறைப்பதைத் தவிர வேறு பெரிய வழி இருந்ததில்லை என்றாள். 2023இல் ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சொன்ன கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அதில் நாம் இரண்டு பேர்.

நெய் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கொழுப்பு தின்றால் சர்க்கரை ஏறாது என்றதும் நானும் கரண்டி கரண்டியாக நெய், தேங்காய்ப்பால் என்று ஆரம்பித்தேன். சர்க்கரை அழகாக இறங்கியது. ஆறாவது மாதம் ரத்தம் கொடுத்தால் கெட்ட கொழுப்பு 118இலிருந்து 163. எல்லோருக்கும் அப்படி ஏறாதாம், என் உடம்புக்கு ஏறியது. நெய்யை ஒரு ஸ்பூனாக்கி, நல்லெண்ணெய், வேர்க்கடலை, வாரம் மூன்று நாள் சாளை மீன் என்று மாற்றினேன், இறங்கியது. இங்கே சாளைக்குத் தார்லி என்று பெயர், மீன் விற்கிற கோளிப் பெண்கள் மலிவாகத் தருவார்கள். வெறும் கறியும் முட்டையும் என்று இருந்தால் மலம் கட்டும், சொல்லிவிட்டேன். கீரை, கொத்தவரங்காய், சுரைக்காய், வாழைப்பூ, ஏதாவது ஒன்று தட்டில் பாதிக்கு இருக்கட்டும். முதல் வாரம் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும், உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் வெளியே போவதால். உப்புப் போட்ட மோர் குடித்தேன், சரியானது. உனக்கு பிரஷர் இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டு குடி.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற HbA1c எனக்கு 9.2 இருந்தது, இப்போது 6.7. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் இன்னும் ஓடுகிறது. சோற்றை நான் முழுசாக விடவும் இல்லை. மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம், குழம்பும் காயும் முதலில் சாப்பிட்டுவிட்டு, கடைசியில். போன பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வழக்கம்போல வரிசையாக அடுப்பு போட்டோம். என் பானைதான் முதலில் பொங்கியது, குலவை போட்டேன். எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். அன்று குத்திப் பார்க்கவில்லை. எல்லா நாளையும் நோட்டில் எழுத வேண்டுமா என்ன?

உன் அப்பா இதையெல்லாம் நம்புவதில்லை. "இட்லி விற்றுத்தான் பையனைப் படிக்க வைத்தேன், அதைப் போய் விஷம் மாதிரி பேசுகிறாளே" என்று முணுமுணுத்துக்கொண்டு இப்போதும் காலையில் நாலு தின்கிறார். அவருக்குச் சர்க்கரை 92. யாரிடம் போய் நியாயம் கேட்பது!

எதிர் வீட்டு ஐயப்பன் வெள்ளிக்கிழமை அபுதாபிக்கு வருகிறான். எள்ளுப்பொடியும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். பொடியில் அரிசி சேர்க்கவில்லை, பயப்படாமல் சாப்பிடு. டாக்டரைப் பார்த்து வந்ததும் மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து மல்லிகா மகளுக்கு அனுப்பு. நான் இங்கே காட்டிக்கொள்கிறேன். வியாழனுக்குள் வரவில்லை என்றால் நானே போன் செய்வேன், அப்போது "ம்ம்" சொல்லக் கூடாது.

அன்புடன்,
அம்மா