எஸ் ஜீன் டிராப் குறித்து எங்கள் ஆய்வக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஜனவரி 28, 2022

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆர்டிபிசிஆர் முடிவைப் பெற்றுக்கொள்ள வருபவர்களில் பலர், தொற்று உறுதியானதும் அடுத்தபடியாக, வந்திருப்பது கரோனா வைரஸின் எந்தத் திரிபு, ஒமைக்ரானா டெல்டாவா என்று கேட்கிறீர்கள். அறிக்கையில் "எஸ் ஜீன் (வைரஸின் ஸ்பைக் புரதத்திற்கான ஜீன்) கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதையே ஒமைக்ரான் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எஸ் ஜீன் இருந்தால் ஒமைக்ரான் இல்லை என்று ஆறுதல் அடைகிறீர்கள். முதல் முடிவு இன்றைய சூழலில் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் இரண்டாவது பொருந்தாது. அதை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

கரோனா வைரஸின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. மரபணு வரிசையாக்கம் அவற்றை முழுமையாகப் படிக்கிறது. ஆர்டிபிசிஆர் முன்கூட்டியே தேர்ந்த சில சிறு பகுதிகள் மாதிரியில் இருக்கின்றனவா என்று மட்டுமே தேடுகிறது. நாங்கள் பயன்படுத்தும் டேக்பாத் கிட் ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ் ஆகிய மூன்று ஜீன்களில் தேடுகிறது. எஸ் ஜீனில் அது தேடும் இடத்தில், வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதத்தின் 69, 70ஆம் அமினோ அமிலங்களுக்குரிய ஆறு எழுத்துகள் சில திரிபுகளில் விடுபட்டிருப்பதால், மற்ற இரண்டு ஜீன்களும் தெளிவாகத் தெரியும்போது எஸ் மட்டும் தெரியாமல் போகிறது. இதைத்தான் எஸ் ஜீன் டிராப் என்கிறோம். எஸ் ஜீனே வைரஸில் இல்லை என்பது இதன் பொருளன்று; ஸ்பைக் புரதம் இல்லாமல் வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய இயலாது.

திரிபைக் கண்டுபிடிப்பதற்காக இந்தக் கிட் உருவாக்கப்படவில்லை. 2020 இறுதியில் பிரிட்டனில் ஆல்பா திரிபு பரவியபோதுதான் இக்குறைபாடே ஒரு தடயமாகப் பயன்பட்டது. அதன் முழுப் பயனையும் காட்டியது தென்னாப்பிரிக்கா. 2021 நவம்பரில் அங்கு டெல்டாவே பரவலாக இருந்தது; டெல்டாவில் அந்த ஆறு எழுத்துகளும் விடுபடாததால், அத்தொற்றில் எஸ் ஜீன் தெரியவே செய்யும். அந்நிலையில் கௌடெங் மாகாணத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தினர், எஸ் ஜீன் தெரியாத மாதிரிகள் தொடர்ந்து வருவதைக் கவனித்து வரிசையாக்கத்திற்குக் கொடுத்தார்கள். நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்திற்குத் தகவல் சென்றது. 26 அன்று அத்திரிபுக்கு ஒமைக்ரான் என்று பெயரிடப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் வரிசைப்படுத்தாமலேயே, எஸ் ஜீன் டிராப் எங்கெங்கே கூடுகிறது என்பதை வைத்து அதன் பரவலைக் கணிக்க முடிந்தது. வரிசையாக்க வசதி குறைவாக உள்ள இடங்களுக்கு இது பெரும் உதவி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வரிசையாக்கக் கருவியும் அதற்கான வேதிப்பொருள்களும் விலை மிகுந்தவை, முடிவு வரப் பல நாட்கள் ஆகலாம். பிசிஆர் கருவியோ சிறு நகரங்களிலும் இருக்கிறது, சில மணி நேரத்தில் விடை தருகிறது. தமிழ்நாட்டிலும் 2021 டிசம்பரில், நைஜீரியாவிலிருந்து சென்னை வந்த பயணியிடம் முதலில் எஸ் ஜீன் டிராப் காணப்பட்டு, பின்னர் வரிசையாக்கத்தில்தான் ஒமைக்ரான் உறுதியானது.

ஆனால் இத்தடயத்தின் பொருள், அந்த வேளையில் எந்தத் திரிபுகள் பரவுகின்றன என்பதைப் பொறுத்தே அமையும். ஒமைக்ரானின் பிஏ.1 வகையில் அந்த ஆறு எழுத்துகள் விடுபட்டுள்ளன, பிஏ.2 வகையில் விடுபடவில்லை. பிஏ.2 இந்தியாவில் கணிசமான அளவில் இருப்பதாகவும், அதனால் எஸ் ஜீன் டிராப்பை மட்டும் நம்பினால் பல ஒமைக்ரான் தொற்றுகள் தவறிப்போகும் என்றும் கரோனா மரபணு வரிசையாக்கத்திற்கான மத்திய அரசின் இன்சாகாக் ஆய்வகக் கூட்டமைப்பு இம்மாதம் எச்சரித்திருக்கிறது. எனவே எஸ் ஜீன் தெரிந்த ஒருவருக்கு டெல்டாவும் இருக்கலாம், பிஏ.2 வகை ஒமைக்ரானும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமானால், டெல்டாவில் உள்ளதும் பிஏ.1, பிஏ.2 இரண்டிலும் இல்லாததுமான எல்452ஆர் (ஸ்பைக் புரதத்தின் 452ஆம் இடத்து மாற்றம்) போன்ற ஒன்றைத் தேடும் தனி பிசிஆர் தேவை. அதுவும் வரிசையாக்கத்திற்கு ஈடாகாது, ஏனெனில் நாம் ஏற்கெனவே அறிந்த மாற்றத்தைத்தான் அதனால் தேட முடியும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மாதிரியில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால், திரிபு எதுவாயினும் மூன்றில் ஒரு ஜீன் தற்செயலாகத் தெரியாமல் போகலாம். ஆகவே மற்ற இரண்டு ஜீன்களின் சிடி மதிப்பும் (ஜீன் தென்படும் வரை பிசிஆர் ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கை; வைரஸ் அதிகமாக இருந்தால் இது குறையும்) 30க்குக் கீழ் இருக்கும்போது மட்டுமே எஸ் ஜீன் டிராப் என்று குறிப்பிடுகிறோம்.

பிப்ரவரி 1 முதல் எங்கள் அறிக்கையில் "எஸ் ஜீன் டிராப் உள்ளது, திரிபு உறுதி செய்யப்படவில்லை" அல்லது "எஸ் ஜீன் தெரிகிறது, இதைக் கொண்டு திரிபைக் கூற இயலாது" என்று இரண்டில் ஒன்று இருக்கும். ஒமைக்ரான் என்றோ டெல்டா என்றோ பெயர் குறிப்பிட்டு எழுதித் தருமாறு தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம். உறுதியில்லாத ஒன்றில் எங்கள் கையொப்பம் இருக்கக் கூடாது என்று கருதுகிறோம். 2022 ஜனவரியில் நடைமுறையிலுள்ள வீட்டுத் தனிமை விதிகள் எல்லாத் திரிபுகளுக்கும் ஒன்றே: பரிசோதனை நாளிலிருந்து ஏழு நாட்கள், அவற்றில் கடைசி மூன்று நாட்கள் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். கரோனாவுக்குத் தரப்படும் காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற எதிர்ப்பொருள் கலவை மருந்து ஒமைக்ரானிடம் பெரிதும் பலனிழப்பதால், அதைத் தர எண்ணும் மருத்துவருக்குத் திரிபு பற்றிய குறிப்பு தேவைப்படலாம். அப்படியானால் அவரை எங்களை நேரடியாகத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். சிடி மதிப்புகளையும் ஆய்வு வரைபடத்தையும் கட்டணமின்றி அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
ஆய்வக நிர்வாகம்