கோரிக்கை மனு: நுரைச்சோலைப் புகையில் இருக்கும் பாதரசத்தை 2027க்குள் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள்

பெறுநர்: தலைவர், மத்திய சுற்றாடல் அதிகார சபை, பத்தரமுல்லை.
அனுப்புவது: பாசையூர், யாழ்ப்பாணத்திலிருந்து.

மதிப்புக்குரிய ஐயா,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நுரைச்சோலை லக்விஜய அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகளிலிருந்தும் வெளியேறும் புகையில் பாதரசம் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும், அந்த அளவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், பிறகு அதைப் பிடிப்பதற்கான காபன் தூள் முறையை அங்கே பொருத்தும்படி மின்நிலையத்தை நடத்துவோருக்கு நீங்கள் உத்தரவிட வேண்டும். அந்த மின்நிலையத்துக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபையின் கையில் இருக்கிறது, ஆனால் நாடு முழுவதன் சுற்றாடலுக்கும் பொறுப்பானவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான உலக உடன்படிக்கையான மினமாட்டா சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதன் 8ஆம் உறுப்புரை காற்றில் விடப்படும் பாதரசத்தைப் பற்றியது. நிலக்கரி மின்நிலையங்களும் அதற்குள் வருகின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள் என்றால், சமவாயம் அந்த நாட்டில் நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குள் கட்டுப்பாட்டு நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நமக்கு அந்தப் பத்து ஆண்டுகள் 2027இல் நிறைகின்றன. இந்த நாட்டில் இருக்கும் ஒரே நிலக்கரி மின்நிலையம் லக்விஜய. முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன, மொத்தம் 900 மெகாவாற். ஆக, நாம் உலகத்துக்குக் கொடுத்த வாக்கு இந்த ஒரு இடத்தில்தான் நிறைவேற வேண்டியிருக்கிறது.

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன், அதனால் கணக்கையும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். உலகில் எரிக்கப்படும் நிலக்கரியில் பாதரசம் பொதுவாக ஒரு தொன்னுக்கு 0.1 கிராம் அளவில் இருக்கும், சுரங்கத்துக்குச் சுரங்கம் கூடும் குறையும். கேட்க ஒன்றுமே இல்லாத அளவு போல இருக்கும். ஆனால் லக்விஜயவில் ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் எரிக்கிறார்கள், அந்தக் கணக்கில் பார்த்தால் 200 கிலோவுக்கு மேல் பாதரசம் ஆண்டுதோறும் உலைக்குள் போகிறது. உலைச் சூட்டில் அது முழுவதும் ஆவியாகிவிடும். அதில் எவ்வளவு சாம்பலோடு நிற்கிறது, எவ்வளவு வானத்துக்குப் போகிறது, எவ்வளவு கடலுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

கடல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், லக்விஜயவில் புகையிலிருக்கும் கந்தகவீரொட்சைட்டைக் கடல்நீரால் கழுவி எடுக்கிறார்கள். கந்தகத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. பாதரசத்தின் கதை வேறு. புகை குளிர்ந்து வரும்போது பாதரசம் மூன்று வடிவில் இருக்கும்: ஒரு பகுதி சாம்பல் துணிக்கைகளில் ஒட்டியிருக்கும், ஒரு பகுதி குளோரீனோடு சேர்ந்து ஒட்சியேறியிருக்கும், மிச்சம் எதனோடும் சேராத தனி ஆவியாகவே இருக்கும். சாம்பலில் ஒட்டியதை மின்புலத்தால் சாம்பல் பிடிக்கும் கூடு பிடித்துவிடும். ஒட்சியேறியது தண்ணீரில் கரையும், ஆகவே கழுவும் கடல்நீரோடு அது திரும்பக் கடலுக்குத்தான் போகும். தனி ஆவி தண்ணீரில் கரையாது, அது புகைபோக்கியால் வெளியே போய் மாதக்கணக்கில் காற்றிலேயே அலையும். கழுவும் தொகுதி இருக்கிறது, பாதரசமும் குறைகிறதுதானே என்று யாராவது உங்களிடம் அறிக்கை தந்தால், குறைந்தது எங்கே போனது என்று தயவுசெய்து கேளுங்கள். காற்றிலிருந்து எடுத்துக் கற்பிட்டிக் கடலில் விடுவதை அகற்றுதல் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

அதனால்தான் காபன் தூள் முறையைக் கேட்கிறேன். தண்ணீர் வடிகட்டிகளில் போடுகிற அதே வகைக் காபனை மா போல அரைத்து, சாம்பல் பிடிக்கும் கூட்டுக்கு முன்னால் புகைக் குழாய்க்குள் ஊதுவார்கள். பாதரசம் அந்தத் தூளின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும், தூள் சாம்பலோடு சேர்ந்து கூட்டில் பிடிபடும். தூளில் புரோமீன் ஏற்றியிருந்தால் தனி ஆவியும் ஒட்சியேறி மாட்டிக்கொள்ளும், நன்றாக நடத்தப்படும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பிடிக்கிறார்கள். பாதரசம் உலர்ந்த சாம்பலில் நிற்பதால் கடலுக்குப் போகிற பங்கும் குறைகிறது. இது பரிசோதனைக்கூடத்துக் கனவு இல்லை. அமெரிக்கா 2012இல் இதற்கென்று விதி கொண்டுவந்தது, 2017 ஆகும்போது அங்குள்ள நிலக்கரி மின்நிலையங்களின் பாதரசம் 2010இல் இருந்ததைவிட 80 வீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. பக்கத்து இந்தியாகூட 2015இல் ஒரு கனமீற்றர் புகைக்கு 0.03 மில்லிகிராம் என்று எல்லை எழுதிவிட்டது.

செலவு என்று சொல்வார்கள். கந்தகம் கழுவும் தொகுதி கட்டுகிற செலவோடு பார்த்தால் தூள் ஊதும் கருவிக்கு ஆவது மிகச் சிறிது, தொடர்ந்து வாங்க வேண்டிய தூளுக்குத்தான் பணம் போகும். அந்தத் தூளுக்கும் நாம் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிரட்டையிலிருந்து இந்த வகைக் காபன் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இது, லக்விஜய நிற்பதோ தென்னை விளைகிற புத்தளத்தில்! மற்ற நாட்டு மின்நிலையங்களில் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியில் செய்த தூளைத்தான் பாவிக்கிறார்கள், எனவே நமது சிரட்டைக் காபன் அந்தச் சூட்டில் எப்படிப் பிடிக்கிறது என்று ஒரு அலகில் மட்டும் ஊதிச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கந்தகம் கூடிய நிலக்கரி என்றால் தூளின் பிடிப்புக் குறையும், அதையும் அந்தச் சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காபன் கலந்த சாம்பலைக் கொங்கிறீற்றுக்கு விற்பது கடினமாகும். சாம்பல் விற்று வரும் வருமானம் கொஞ்சம் அடிபடலாம். சாம்பலை முதலில் பிடித்துவிட்டு, பிறகு தூளை ஊதித் துணிப்பைகளில் தனியாகப் பிடிக்கும் முறையும் உண்டு, அது செலவு கூடியது. எது என்று பொறியியலாளர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் சாம்பல் விலையைக் காட்டி ஒன்றுமே செய்யாமல் விடுவது சரியில்லை.

இதற்கிடையில் உடனே செய்யக்கூடியது ஒன்று: நிலக்கரி கப்பலில் வந்து, சோளகம் என்கிற தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்குமுன் இறக்கி முடிக்கப்படுகிறது. தரம் பார்க்க எடுக்கும் மாதிரியிலேயே பாதரசத்தையும் குளோரீனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், கப்பல்வாரியாக அந்த எண்களை வெளியிடுங்கள்.

நுரைச்சோலைப் புகைக்கு யாழ்ப்பாணத்தான் ஏன் கவலைப்படுகிறான் என்று நினைப்பீர்கள். தூரம் சுமார் 180 கிலோமீற்றர்தான். வைகாசி தொடங்கிப் பல மாதம் சோளகம் தென்மேற்கிலிருந்து எங்கள் பக்கம்தான் வீசும், அதே காற்றின் வழியில் தூத்துக்குடியின் நிலக்கரி மின்நிலையங்களும் இருக்கின்றன. விழுகிற பாதரசத்தைக் களப்புச் சேற்றில் இருக்கும் பக்றீரியாக்கள் மெதைல் பாதரசமாக மாற்றும், அது சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஏறி ஏறிச் சுறாவிலும் பெரிய அறக்குளாவிலும் வந்து சேரும். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளி நிறையப் போட்டு வறை செய்து கொடுப்போம். மெதைல் பாதரசம் அதிகம் தாக்குவது வளர்ந்துவரும் பிள்ளையின் மூளையை, கருவில் இருக்கும்போதும் தாய்ப்பால் வழியாகவும் அது பிள்ளைக்குப் போகும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கள் கவலை விளங்கும்.

எங்கள் மீனில் நஞ்சு ஏறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த மனுவைப் பார்த்துவிட்டு யாரும் மீனை விட வேண்டாம், பாசையூர், குருநகர் தொழிலாளிகளின் வயிற்றில் அடிக்க நான் எழுதவில்லை. ஒட்டி, ஓரா, கீரி, சூடை மாதிரிச் சின்ன மீன்களில் பாதரசம் குறைவாகத்தான் சேரும், தாராளமாகச் சாப்பிடலாம். ஐரோப்பாவுக்குப் போகிற வாள்மீனும் சுறாவும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். எங்கள் சந்தைச் சுறாவையும் அறக்குளாவையும் அதே எல்லை வைத்து ஒழுங்காகச் சோதியுங்கள், நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கடற்றொழில் துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று அளந்து வைத்தால்தான் நாளைக்குக் கூடியதா குறைந்ததா என்று பேசலாம்.

மின்சாரத்துக்காக எங்கள் தண்ணீர் கெட்டதை இந்தக் குடாநாடு ஒருமுறை பார்த்துவிட்டது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது, நட்டஈடும் வந்தது. கிணறு கெட்ட பிறகு வந்த நட்டஈடு அது. கடலைத் தோண்டித் துப்புரவாக்க ஒருவராலும் முடியாது.

ஆகவே உரிமத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பாதரசத்துக்கு எண்ணால் ஒரு எல்லையையும், அளவீட்டை வெளியிடும் நிபந்தனையையும், தூள் முறைக்கு ஒரு திகதியையும் அதில் எழுதச் செய்யுங்கள். இதுவரை எடுத்த அளவீடுகளின் பிரதிகளை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பமாகவும் இத்துடன் கேட்டிருக்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்புங்கள், கடற்றொழிலாளர் சங்க வாசிகசாலையில் ஒட்டி வைக்க வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரும், கீழே கையொப்பமிட்டிருக்கும் பாசையூர், குருநகர், நாவாந்துறை மக்களும்.

பிரதி: சுற்றாடல் அமைச்சர், மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்.