முழுநேர ஊழியம் பற்றி நீ கேட்டது

பிரியமான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் எங்கள் சபையில் எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகை வாரத்தில் வந்தது. வீடு நிறைய ஆட்கள், அதனால்தான் பதில் தாமதம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பார்வை தெளிவாகிவிட்டதால் அரிசியில் கல் இருப்பதெல்லாம் தெரிகிறது.

சரி, உன் மகள் விஷயம். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, இனி ஆண்டவர் வேலையே என்று முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறாள், நீ அழுதுகொண்டிருக்கிறாய். ஏட்டி, அவள் வயிற்றில் இருந்தபோது "இந்தப் பிள்ளை ஆண்டவருக்கு" என்று பொருத்தனை பண்ணியது யார்? அவர் கேட்கமாட்டார் என்று நினைத்தாயோ!

அவள் வேலையை விடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உன் கவலை சம்பளம், என் கவலை வேறு. கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாளில் "ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றதும் எழுந்து நின்ற பிள்ளைகளை நாம் எவ்வளவோ பார்த்தாயிற்று. மைக் பிடிப்பதுதான் ஊழியம், ஊசி போடுவது வெறும் பிழைப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லத்தையே எடுத்துக்கொள். அதைத் தொடங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தது பிரசங்கம் பண்ணத்தான். தமிழ் படித்து, பொன்னம்மாள் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். 1901-ல் கோவிலுக்குத் தேவதாசியாக விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் வண்டிப் பயணம் குறைந்துபோனது. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? பால் காய்ச்சுவது, துணி அலசுவது, நகம் வெட்டுவது, ராத்திரி விழித்திருப்பது என்று பொழுது போயிற்று. இதற்கா மிஷனரியாக வந்தோம் என்ற கேள்வி அவருக்கே வந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்களும் கேட்டார்கள். அவர் பிள்ளைகளோடுதான் இருந்தார்.

எனக்கு அவரைவிட பொன்னம்மாள்மேல்தான் பிரியம் அதிகம். இளம் விதவை. நெய்யூரில் ஏமியின் கைக்குழந்தைகளுக்காக இருந்த விடுதியைப் பார்த்துக்கொண்டார். வயிற்றுப்போக்கு வந்து பல குழந்தைகள் செத்துப்போன காலத்திலும் அவர்களோடு இருந்தார். 1915-ல் புற்றுநோயில் இறந்தார். அவர் பெயரில் பிரசங்கம் ஒன்றும் நமக்கு மிச்சமில்லை. பால் புட்டி கழுவினவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் புட்டி சுத்தமாக இருந்ததால் பிழைத்த பிள்ளைகளிடம் அல்லவா கேட்க வேண்டும்?

ஏமி அம்மாவின் கடைசிக் காலமும் உனக்குத் தெரியும். 1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் ஒடிந்தது. அதிலிருந்து 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான். எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளுக்குக் குறிப்பு அனுப்பினார். ஓடியாடிச் செய்த வேலை ஒன்றும் கையில் இல்லாதபோதும் அவர் ஆண்டவருடையவராகவே இருந்தார். என்னைக் கேட்டால் உன் மகள் யோசிக்க வேண்டியது இதைத்தான்: உடம்பு முடியாமல் போனாலும், ஒருவரும் மேடைக்குக் கூப்பிடாவிட்டாலும் இந்த ஒப்புக்கொடுத்தல் நிற்குமா? நிற்கும் என்றால் அவள் வார்டிலும் நிற்கும், எங்கே போனாலும் நிற்கும். அப்படித் தோன்றினால் அவளைத் தடுக்காதே.

இன்னொன்று. விசுவாசத்தில் போகிறோம் என்பதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்காதே. டோனாவூரில் யாரிடமும் பணம் கேட்பதில்லை, சம்பளமும் கிடையாது என்பதை அம்மா கொள்கையாகவே வைத்திருந்தார். ஆனால் அங்கே சாப்பாடும், நோயில் பார்க்க ஆளும், வயதானால் இருக்க இடமும் உண்டு. இவள் சேரப்போகிற இடத்தில் அதெல்லாம் உண்டா? காய்ச்சலில் படுத்தால் யார் கஞ்சி வைப்பார்கள்? கணக்கு வழக்கை யாருக்குக் காட்டுகிறார்கள்? முகம் பார்க்காமல் கேள். கோபப்படுகிறவர்களிடம் பிள்ளையை அனுப்பாதே.

நர்ஸ் பதிவை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வரச் சொல். மலைக்கிராமத்துக்குப் போனால் அவளுடைய பிரசங்கத்தைவிட பிரசவம் பார்க்கிற கைதான் முதலில் தேவைப்படும்.

பெரிய லீவில் அவளை இங்கே அனுப்பு. டோனாவூருக்கு நான் கூட்டிப்போகிறேன். அறிவுரை சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணமுடியாது, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். நீயும் வந்தால் கருப்பட்டி வாங்கி வை, இங்கே கிடைப்பதெல்லாம் சீனி கலந்தது.

உன் பழைய
ஹாஸ்டல்காரி