சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்
அக்டோபர் 2023

எங்கள் தெருக்காரர்களுக்கும், கேஸ் கடைத் தம்பிக்கும், கோயில் சமையல்கட்டு அம்மாக்களுக்கும் வணக்கம்.

இந்தத் தெருவில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான். அப்புறம் யாருக்காகத் தமிழில் எழுதுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். பக்கத்து வீட்டு ஆயாவின் உத்தரவு. "கடுதாசி எழுதினா தமிழ்ல எழுது. நீ படி, நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டார். 1860இல் முதல் கப்பல் நேட்டால் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் கரும்புக் காட்டுக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவருக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இதை உரக்கப் படிக்கப் போகிறேன். மற்றவர்களுக்கு அவர் பேத்தி இங்கிலீஷில் சொல்லுவாள். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் கண்ணிலும் படட்டும் என்று பொதுவிலும் போடுகிறேன்.

மார்ச் மாதம் நாங்கள் தென்னாப்பிரிக்கா வந்து இறங்கியபோது, இங்கே லோட் ஷெட்டிங் உண்டு, முறை வைத்துக் கரண்டை வெட்டுவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விருதுநகர்க்காரி. 2012இல் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர். எனக்கா கரண்ட் கட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்ற மெத்தனம். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது வெயில் காலத்துக் கரண்ட் கட். ஃபேன் நின்றதும் பனையோலை விசிறியோடு வாசலுக்கு வந்து விடுவோம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்டக் குன்னூர் மாதிரி. ஜூன் மாத ராத்திரியில் வாசலுக்கு வந்தால் காது விறைத்துப் போகும். வீட்டுக்குள்ளேயும் பெரிய வித்தியாசம் இல்லை. தரை முழுக்க டைல்ஸ், கணப்பு கிடையாது. வெயிலுக்கென்று கட்டிய வீட்டில் மூன்று மாதம் குளிரை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்ய வேண்டும்.

வந்த வேகத்தில் ஒரு கடையில் போய், சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். எல்லாமே ஓடும் என்றார் கடைக்காரர். நான்கு மாதத்தில் பேட்டரி செத்துப் போனது. அப்போதுதான் தெருமுனை எலக்ட்ரீஷியன் அங்கிள் வந்தார். அவருக்கு என் முதல் நன்றி, முக்கியமாக எங்களுக்கு எதையும் விற்காததற்கு. பழைய ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கணக்கு எழுதிக் காட்டினார். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1,200 வாட் மணி. ஈய பேட்டரியில் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் அதன் ஆயுசு குறையும். ஒரு எல்இடி பல்பு 9 வாட், வைஃபை பெட்டி பத்துப் பன்னிரண்டு வாட். கெட்டில் 2,000 வாட். நாங்கள் அந்தக் கெட்டிலைத்தான் அதில் போட்டுக்கொண்டிருந்தோம். போதாததற்கு கரண்ட் வெட்டின் அளவைச் சொல்லும் ஸ்டேஜ் ஏற ஏறக் கரண்ட் இருக்கும் நேரம் குறைகிறது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நாடு முழுக்க 1,000 மெகாவாட் வெட்டு, ஸ்டேஜ் 6 என்றால் 6,000. பேட்டரி முழுக்க நிரம்புவதற்குள் அடுத்த முறை வந்து விடும். அரைப்பட்டினியில் ஓடிய மாடு மாதிரி அது விழுந்து விட்டது.

"பெரிசு வாங்காதே. சுடவைக்கிற சாமானை எல்லாம் பேட்டரியிலிருந்து எடு" என்றார். வெளிச்சமும் வைஃபையும் மட்டும் பேட்டரியில், சூடு எல்லாம் கேஸில். கீசருக்குக் கம்பளி சுற்றி, டைமர் வைத்துக் கொடுத்தார். கூலி கேட்டால், டீ போடு என்றார். டீ கேஸில்தான் போட்டேன், அங்கிள்.

கேஸ் கடைத் தம்பிக்கு என் பெயர் தெரியுமோ தெரியாது. 9 கிலோ சிலிண்டரை வீட்டில் இறக்கிவிட்டுப் போகாமல், சமையல்கட்டில் இருந்த பாத்திரம் விளக்கும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். வந்தது, சின்னதாக ஒன்று. வாஷரை மாற்றிவிட்டு மறுபடி தடவினார். இந்த கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவிக் கிடக்கும், அதனால் சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வரச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இன்னும் ஐந்தாறு வீடு பாக்கி இருந்தது.

இனி, சொல்ல வெட்கமாக இருக்கும் விஷயம்.

ஜூலை 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது. பத்து வருஷத்துக்கு மேல் பெய்யாத பனி. பள்ளி விடுமுறை, மகள் தோட்டத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அந்த வாரம் ஒரு ராத்திரி, கரண்ட் போய் ஒரு மணி நேரத்தில் வீடு சில்லிட்டு விட்டது. மகளுக்கு இளைப்பு வேறு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாயங்காலம் பிராய், அதாவது வெளியில் கரியில் சுட்டுச் சமைப்பது, போட்ட கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் வைத்தால் என்ன? எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் அறையில் கும்மட்டியில் கங்கு போட்டுச் சாம்பிராணி காட்டுவார்கள். அந்த நினைப்புதான். அது ஓட்டு வீடு, நாலு பக்கமும் சந்து இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இங்கே நானே கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தேன்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நடக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயா அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறார். "ஏ கண்ணு! எங்க கொண்டு போற அதை?" ரூமுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசியது தமிழா, இங்கிலீஷா, ஜூலுவா எனக்குத் தெரியாது. கேட்டுக்கு ஓடி வந்தார். கரண்ட் இல்லாததால் எங்கள் கேட் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவே கையை விட்டு ஆட்டிக்கொண்டே, "வெளிய வையி, வெளிய வையி" என்று கத்தினார். வைத்தேன்.

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். இந்த நாட்டில் மபாவுலா என்று ஒன்று உண்டு, தகர டிரம்மில் ஓட்டை போட்டுச் செய்த கரி அடுப்பு. ஒவ்வொரு குளிர் காலத்திலும் அதை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிச் செத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "பொகை போயிடுச்சு, வெறும் கங்குதானேன்னு நெனைப்பாங்க. கங்குலதான் விஷம். வாசனை வராது கண்ணு. தூக்கம் வர்ற மாதிரி வரும்." கார்பன் மோனாக்ஸைடு என்று பள்ளியில் படித்த பெயர்தான். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

பத்து நிமிஷத்தில் சுவர் வழியாக மூன்று ரப்பர் வெந்நீர்ப் பைகள் வந்தன. துண்டில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். விடிகாலை நான்கு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு இருந்தது. நான் தூங்கவில்லை.

ஆயா, இந்த இடத்தைப் படிக்கும்போது என் குரல் மாறினால் நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.

மறுநாள் எதிர் வீட்டுப் பையன் வந்து, கரண்ட் இல்லாதபோது கேட்டைக் கையால் திறக்கும் சாவி எது, எங்கே போட்டுத் திருப்ப வேண்டும் என்று காட்டினான். நான்கு மாதமாக அந்தச் சாவி டிராயரில் கிடந்திருக்கிறது, ஏதோ பழைய பூட்டுடையது என்று நினைத்திருந்தோம்.

மூன்றாம் வீட்டு நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. மகளின் நெபுலைசருக்காகத்தான் நாங்கள் அந்த இன்வெர்ட்டரையே வாங்கினோம். அவர் வந்து பார்த்துவிட்டு, இன்ஹேலரும் ஸ்பேசரும் இருக்கும்போது கரண்ட் எதற்கு என்றார். அரை லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைப் பொருத்தினால் அதுவே ஸ்பேசர் ஆகிவிடும். கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கு அது வேலை செய்கிறது என்று கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் 1999இல் காட்டியிருக்கிறார்களாம். எங்களுக்குக் கடை ஸ்பேசரே வாங்கிக் கொடுத்து, மகளுக்கு நிதானமாக மூச்சு இழுக்கப் பழக்கினார். டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, கரண்ட் போகும்போதெல்லாம் என் வயிற்றில் புரண்ட ஒன்று அடங்கியது.

நான் இருட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் வெளிச்சம் வரும் நேரத்துக்குத் தயாராகிறவர்கள். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. கரண்ட் வந்ததும் நான் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடுவேன். நீங்கள் ஃபிரிட்ஜைக் கூடப் பத்து நிமிஷம் கழித்துத்தான் போடுகிறீர்கள், வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறி மோட்டார் போய்விடக் கூடாதே என்று. பிறகு போன், ரீசார்ஜ் பல்பு. பிறகு மிக்ஸி. ஃபிளாஸ்க் எல்லாம் நிரம்பிய பிறகு கடைசியாகக் கீசர். போனில், கரண்ட் எப்போது போகும் என்று சொல்லும் எஸ்காம்செபுஷ் செயலியைப் பார்த்துத்தான் நான் இப்போது உளுந்து ஊறப் போடுகிறேன். விருதுநகரில் பஞ்சாங்கம் பார்க்காதவள் இங்கே வந்து நேரம் பார்க்கிறேன்.

அரைத்துவிட்டால் போதுமா? குளிரில் மாவு புளிக்காது. இரண்டு நாள் வைத்தும் சிமெண்ட் மாதிரி அப்படியே இருந்தது. அதற்கும் ஆயாதான். அவரிடம் ஒரு வொண்டர்பேக் இருக்கிறது, உள்ளே மெத்தை மாதிரி அடைத்த பெரிய துணிப்பை. 2008இல் இந்த நாட்டில்தான் சாரா காலின்ஸ் என்ற அம்மையார் அதைக் கொண்டு வந்தார். பருப்பைப் பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு அந்தப் பைக்குள் இறக்கிக் கட்டி வைத்தால், அடுப்பே இல்லாமல் தன் சூட்டில் தானே வேகும். "எங்க அம்மா அட்டைப் பொட்டியில பேப்பரும் கம்பளியும் போட்டுச் செஞ்சதுதானே" என்று ஆயாவுக்கு அதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தப் பைக்குள் மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் பையையும் வைத்துக் கட்டச் சொன்னார். காலையில் அவிழ்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நின்றது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஆயாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பனியைப் பார்த்தபோது கூட அவர் முகம் அப்படி மலரவில்லை.

ஆயா வீட்டுச் சாமான் அறை தனிக் கதை. டின் மீன், சுகர் பீன்ஸ், மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவு, அரிசி, உப்பு, தீப்பெட்டி. இவ்வளவு எதற்கு என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அவர் தங்கை ரொட்டிக்காக விடிகாலையில் வரிசையில் நின்றாராம். அதைச் சொல்லிவிட்டு, நான் கிளம்பும்போது இரண்டு டின் மீனை என் கையில் திணித்தார். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார். வைத்தேன், அருமை.

தண்ணீரும் நின்ற நாட்கள் உண்டு. பம்ப்புக்குக் கரண்ட் இல்லையென்றால் மேட்டுப் பக்கத் தொட்டிக்கு ஏறாது. எதிர் வீட்டில் ஜோஜோ என்கிற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார்கள். கேன் கேனாகப் பிடித்தோம். அவர்களுக்குக் கூச்சம் அதிகம் என்பதால் இதோடு விடுகிறேன்.

கோயில் அம்மாக்களே, ஆடி மாதம் என்றால் எனக்குக் காற்று, புழுதி, வேப்பிலை. இங்கே ஆடி என்றால் உறைபனி. அந்தக் குளிரில் விடிகாலையிலேயே விறகு மூட்டி, மாரியம்மனுக்கு அண்டா அண்டாவாகச் சோள மாவுக் கூழ் கிண்டினீர்களே, எந்த ஸ்டேஜும் உங்களைத் தொட முடியவில்லை. ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை நான் முதலில் குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அடுப்போரம் மாமியாருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது எந்த அம்மா என்று தெரியவில்லை.

முனையில் ரோபோ அணைந்துவிடும்போதெல்லாம் நடுச்சாலையில் நின்று வண்டிகளை ஒழுங்கு செய்யும் அந்த மனிதருக்கும் நன்றி. ஊர்க்காரர்களுக்கு: இங்கே டிராபிக் சிக்னலை ரோபோ என்பார்கள். முதல் வாரம் எனக்கும் தலை சுற்றியது.

தெரு வாட்ஸ்அப் குழுவில், நாடே இருளில் மூழ்கப் போகிறது என்று வாரா வாரம் ஃபார்வர்டு அனுப்பிய அங்கிளுக்கு நன்றி சொல்ல மாட்டேன். ஆனால் அவர்தான் இந்த மாதம் பறவைக் காய்ச்சலால் முட்டை கிடைக்காமல் கடை கடையாக அலைந்தபோது, தனக்குக் கிடைத்த 30 முட்டை அட்டையை ஐந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தவர். சரி, பாதி நன்றி.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். அந்த நேரம் கரண்ட் இருக்காது, பார்த்துவிட்டேன், இட்லி கேஸில்தான் வேகும். ஆயாவின் பருப்புப் பானை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். உங்கள் வழக்கமும் அதுதான் என்று டின் மீன் குழம்பு கொடுத்த பாத்திரம் வெல்லத்தோடு திரும்பி வந்த அன்றே தெரிந்துகொண்டேன். அதில்தான் சட்னி வரும்.

அன்புடன்,
சுவருக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரி