குமரி மாவட்ட நூலகங்களுக்கு: யாரிடமும் கேட்காமல் எடுக்கிற மாதிரி ஒரு தட்டு வையுங்கள்

மாவட்ட நூலக அலுவலருக்கும் கிளை நூலகர்களுக்கும் வணக்கம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், அதிலிருந்து மீள உதவுகிற புத்தகம் தேடி உங்கள் நூலகத்துக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? எனக்கு வேண்டிய ஒருத்திக்காக நான் தேடினேன், அதனால்தான் எழுதுகிறேன். உளவியல் என்று ஒட்டியிருந்த தட்டில் ஞாபகசக்தி, கோபத்தை அடக்குவது, சீக்கிரமாகப் பணக்காரர் ஆவது. மகளிர் தட்டில் சமையல், கோலம், கர்ப்பகாலம். அங்கே இருந்தவரிடம் கேட்டேன். "அந்த மாதிரி புக்கெல்லாம் யாரு கேக்கா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எப்படிக் கேட்பார்கள்?

நம்ம ஊர் உங்களுக்குத் தெரியாததா. கருங்கலிலோ குலசேகரத்திலோ ஒரு பெண் வந்து நின்றாலே அடுத்த கேள்வி "நீ யாருக்க மோளு?" என்பதுதான். முன்வரிசையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவர் அவளுக்கு மாமா முறையாக இருப்பார். மேசையில் விரித்து வைத்த பேரேட்டில் அவள் பெயரும் அதற்கு நேராகப் புத்தகத்தின் பெயரும் ஏறும், அடுத்து கையெழுத்துப் போட வருகிறவர் சாவகாசமாகப் படிப்பார். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி குற்றம், பழைய தண்டனைச் சட்டத்திலும் 228ஏ என்று இருந்ததுதான். பேரேட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. பத்திரிகைக்காரர் காட்டவேண்டிய அந்தக் கவனத்தை நூலகமும் காட்டலாமே என்கிறேன், அவ்வளவுதான்.

புத்தகம் படித்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆலோசகரும் மருத்துவரும் செய்வதைப் புத்தகம் செய்யாது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறவளுக்கு அந்த நேரத்தில் ஆலோசகர் கிடைக்கமாட்டார். "நீ ஏன் கத்தல?" என்று வீட்டிலேயே யாராவது ஒருவர் கேட்டிருப்பார், அதைவிட மோசமாக அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பயம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பு விறைத்துப்போய் கை கால் அசையாமல், குரலும் வராமல் நின்றுவிடுவது பலருக்கும் நடக்கிறது, அது சம்மதம் ஆகாது என்பதை அச்சில் ஒரு பக்கம் படித்தால் போதும், நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சமாவது இறங்கும். அந்த ஒரு பக்கம் தமிழில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். அவளுடைய அம்மாவும் கட்டினவரும் படிக்கவேண்டிய பக்கமும் அதுதான்.

ஆங்கிலத்தில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரெக்கவரி' முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது, அதன்பின் மனிதர்களோடு மறுபடி சேர்வது என்று மூன்று கட்டங்களாகச் சொல்லும். கொஞ்சம் கனமான புத்தகம்தான். பதினேழு வயதில் பம்பாயில் தனக்கு நடந்ததை 1983-லேயே 'மானுஷி' இதழில் சொந்தப் பெயரில் எழுதிய சொஹைலா அப்துலாலி, 2018-ல் இதைப்பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது நம் நாட்டுக் குடும்பங்களைத் தெரிந்தவர் பேசுகிற பேச்சு. அதேசமயம் பெயர் பெற்ற எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக 1988-ல் வந்து லட்சக்கணக்கானோர் படித்த 'த கரேஜ் டு ஹீல்' பலருக்குத் துணையாக இருந்தது உண்மை, ஆனால் நினைவில் இல்லாவிட்டாலும் நடந்ததாகத் தோன்றினால் நடந்திருக்கும் என்கிற மாதிரி அது சொன்னதற்குப் பின்னால் கடும் எதிர்ப்பும் வந்தது. அதனால் தேர்வுக்குழுவில் ஒரு மனநல மருத்துவரை உட்கார வையுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது. குற்றவாளியை மன்னித்தால்தான் குணமாகலாம் என்று அடித்துச் சொல்கிற புத்தகங்கள் வேண்டாம். அதைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே ஆள் ஏராளம்.

தமிழில் இல்லையே என்று கையை விரிக்கவும் வழியில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வந்த மாவட்டம் இது, சுந்தர ராமசாமியும் தோப்பில் முகமது மீரானும் எழுதிய மண், பதிப்பகமும் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. கேட்டால் மொழிபெயர்க்க ஆள் வருவார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம் அந்தத் தட்டை மேசைக்கு எதிரே வைத்துவிடாதீர்கள். மனநலம் என்று பொதுவாக எழுதி, தூக்கமின்மை, மனச்சோர்வுப் புத்தகங்களோடு கலந்து உள்பக்கமாக வையுங்கள், எடுப்பவள் எதற்காக எடுக்கிறாள் என்று யாருக்கும் தெரியவேண்டாம். பேரேட்டில் எண் மட்டும் எழுதினால் போதாதா? ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100, எந்த மருத்துவமனையானாலும், தனியாரே ஆனாலும், காசு வாங்காமல் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம் என்று ஒரு வரி. படிக்கப் படிக்க நெஞ்சு படபடத்தால் மூடி வைத்துவிடலாம், முழுக்கப் படித்து முடிக்கவேண்டிய கட்டாயமில்லை என்றும் எழுதுங்கள். தாமதமானால் அபராதம் கேட்காதீர்கள். இந்தப் புத்தகங்களைச் சிலர் மாசக்கணக்கில் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள்.

விளவங்கோடு பக்கத்துக் கிளைகளுக்கு வாங்கும்போது மலையாளத்திலும் சிலது சேர்த்து வாங்குங்கள். மலையாளம் மட்டும் வாசிக்கிற அம்மாக்களும் அங்கே இருக்கிறார்கள்.