வெப்ப அலகுக்குள் ஐன்ஸ்டைனையும் கூட்டி வாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் பழைய மாணவன் ஒருவன் எழுதுகிறேன். வெப்பம் பற்றிய பாட அலகில் தன்வெப்பக் கொள்ளளவையும் (ஒரு கிலோ பொருளை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம்), வெப்ப இயக்கவியலின் முதலாம் விதியையும் (சக்தி அழியாது, வடிவம்தான் மாறும்) படித்து முடிக்கிறார்கள். பிறகு அணுக் கருச்சக்தி வரும்போது ஐன்ஸ்டைனின் திணிவு சக்திச் சமன்பாடு (E = mc²) வருகிறது, அதிலும் நாலு கணக்குச் செய்கிறார்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்தச் சமன்பாடு அணுகுண்டுக்கு மட்டும் உரியது என்று சிலர் நம்புகிறார்கள். வெப்ப இயக்கவியல் நீராவி எஞ்சின் காலத்துச் சரக்கு, ஐன்ஸ்டைன் வந்து அதைத் தள்ளிவிட்டார் என்றும் ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. கெட்டிக்காரப் பிள்ளை. அதுதான் மனதை உறுத்துகிறது.

நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையே எடுங்கள். 10 லீற்றர் வாளி நிறைய 40 பாகைச் சூட்டில் நீரை அள்ளி, ஒரு துளியும் ஆவியாகாதபடி மூடி, 30 பாகைக்கு ஆற விடுகிறோம். வெளியேறிய வெப்பம் 4,20,000 யூல். இந்தக் கணக்கை உங்கள் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அந்த விடையை அப்படியே ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்கச் சொல்லுங்கள். நீரின் திணிவு எவ்வளவு குறைந்தது என்று வரும்: ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஏறத்தாழ ஐந்து கூறு. கரு பிளக்கவில்லை, கதிர்த்தொழிற்பாடு இல்லை, சும்மா ஆறிய தண்ணீர்தான்.

இதற்குப் பின்னால் அருமையான வரலாறு ஒன்று இருக்கிறது. வெப்பம் ஒரு பாய்மம் என்று பலர் நம்பிய காலத்தில், 1799 இல் ரம்போர்ட் என்ற விஞ்ஞானி, வெப்பத்துக்கு எடை உண்டா என்று மிக நுணுக்கமாக நிறுத்துப் பார்த்து, தராசில் தெரியும்படி ஒன்றும் இல்லை என்று அறிவித்தார். அவருடைய அளவீட்டில் பிழை இல்லை. 1905 இல் ஐன்ஸ்டைன், ஒரு பொருளின் திணிவு அதில் அடங்கிய சக்தியின் அளவு என்று காட்டினார். அப்படியானால் சூட்டுக்கும் எடை உண்டு. ரம்போர்ட்டின் தராசுக்கு எட்டாத அளவுக்குச் சிறியது, அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஐன்ஸ்டைன் வெப்ப இயக்கவியலைத் தள்ளவும் இல்லை. 1902 முதல் 1904 வரை அவர் எழுதிய கட்டுரைகள் வெப்பத்தின் புள்ளியியல் அடிப்படை பற்றியவை. 1919 நவம்பரில் இலண்டன் டைம்ஸ் நாளிதழில், பௌதிகக் கொள்கைகளில் இரண்டு வகை உண்டு என்று அவர் விளக்கினார். சில கொள்கைகள் மூலக்கூறு போன்ற சின்னச் சின்னப் பகுதிகளிலிருந்து கட்டி எழுப்பப்படுபவை. மற்றவை அனுபவத்தில் உறுதியான ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் வருவிப்பவை. ஓயாமல் ஓடும் பொறியை யாராலும் செய்ய முடியாது என்பதிலிருந்து தொடங்கும் வெப்ப இயக்கவியல் இரண்டாவது வகை. தன்னுடைய சார்புக் கொள்கையும் அதே வகை என்றார். நீராவி எஞ்சின் காலத்துச் சரக்கு என்று பிள்ளைகள் ஒதுக்குவதுதான் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது.

எல்லாம் சுமுகமாகப் பொருந்திவிட்டது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வேகமாக ஓடும் பொருளின் வெப்பநிலை என்ன? 1907 இல் பிளாங்க் என்ற பௌதிகவியலாளரும் ஐன்ஸ்டைனும் குறையும் என்றார்கள். 1963 இல் வெளிவந்த கட்டுரையில் ஒட் என்பவர் கூடும் என்றார். சில ஆண்டுகளில் லாண்ட்ஸ்பெர்க் மாறாது என்றார். ஓடுகிற பொருளுக்கு வெப்பநிலை என்பதை எப்படி வரையறுப்பது என்பதிலேயே சிக்கல் இருப்பதால் விவாதம் நீள்கிறது. கன்னியா நீரைக் கடந்து ஒளிவேகத்துக்குக் கிட்டப் பறக்கும் ஒருவருக்கு அது சுடுமா, குளிருமா என்று கேட்டுப் பாருங்கள். விடை முடிவாகாத கேள்விக்கு வகுப்பு எப்படி விழித்துக்கொள்கிறது என்பதை என் சின்ன வட்டத்தில் கண்டிருக்கிறேன்.

சரி, ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கு வந்தால், நமக்குக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து கடல் மட்டம் வரை ஏறத்தாழ 100 மீற்றர் நீளமான, வெளியோடு வெப்பம் பரிமாறாத ஒரு குழாயைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே வாயு முழுச் சமநிலையில் இருந்தால், மேலும் கீழும் ஒரே வெப்பநிலை என்றுதான் நாம் படித்தோம். 1930 இல் டோல்மன் என்ற பௌதிகவியலாளர் அப்படி இல்லை என்று காட்டினார். சக்திக்கும் எடை இருப்பதால் அடிப்பக்கம் மிகச் சற்றே சூடாக இருக்கும். நம் குழாயில் வித்தியாசம் ஒரு கெல்வினின் இலட்சம் கோடியில் மூன்று பங்கு. (கோயிலடியில் மேலேயும் கீழேயும் நாம் உணரும் வித்தியாசம் காற்றாலும் வெயிலாலும் வருவது, மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.) வெப்பத்துக்கும் ஈர்ப்புக்கும் உள்ள அதே உறவை இன்னும் தள்ளிக்கொண்டு போனால், ஒளியும் தப்ப முடியாத கருந்துளை வருகிறது. 1970களில் பெக்கன்ஸ்டைன் அதற்கு எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) உண்டு என்றார், ஹோக்கிங் வெப்பநிலை உண்டு என்று கணித்தார். 1995 இல் ஜேக்கப்சன், எந்திரப்பி, கடந்தால் திரும்பி வர முடியாத எல்லையின் பரப்பளவுக்கு விகிதசமம் என்று எடுத்துக்கொண்டு, வெப்ப விதியிலிருந்தே ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டை வருவித்தார்.

வினாத்தாளில் வராததற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கடந்தகால வினாத்தாள்களுக்கு நடுவே நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். முழுப் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. வெப்ப அலகு முடியும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாணவர்களை வெப்பமானியோடு கன்னியாவுக்குக் கூட்டிப்போய், ஏழு கிணறுகளின் வெப்பநிலையையும் தனித்தனியே அளக்க விடுங்கள். திணிவுக் கணக்கை அவர்கள் அங்கேயே செய்யட்டும். அதற்கான வினாக்களைத் தயாரித்து, படியெடுத்துத் தரும் வேலையை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
திருகோணமலை